கதவுப் பட்டை முதல் பூஜை மாடம் வரை: புது வீட்டு மர வேலைக்கு எந்தப் பூச்சு?

சித்தி மகளுக்குப் பினாங்கின் பாயான் லெப்பாஸில் புதுக் கொண்டோவின் சாவி கிடைத்தது. அன்று இரவே வாட்ஸ்அப்பில் பதினோரு படங்கள் வந்து விழுந்தன. எல்லாம் யார் யாருடையவோ வரவேற்பறைகள். கடைசியில் ஒரு கேள்வி: "அண்ணே, ஸ்கர்ட்டிங் வெள்ளையா, மரக் கலரா?"

"வீட்டில் மாப் போடப்போவது யார்?" என்று திருப்பிக் கேட்டேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக் கோபித்துக்கொண்டாள். கிண்டலே இல்லை. ஒட்டப் பிழிந்த மாப்பால் துடைக்கிற வீடு ஒன்று. வாளியைக் கவிழ்க்காத குறையாகத் தண்ணீர் விட்டுத் துடைக்கிற வீடு இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே ஸ்கர்ட்டிங், அதாவது தரையோரச் சுவர்ப் பட்டை, சரிப்பட்டு வராது.

பினாங்கில் வீட்டு உள்வேலை எடுத்துச் செய்கிறவன் நான். புது வீட்டுக்காரர்கள் அநேகமாக எல்லாரும் நிறத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். நிறம் கடைசியில் முடிவு செய்ய வேண்டியது. அந்த இடத்தில் தினமும் என்ன படப்போகிறது என்பதை முதலில் பாருங்கள்: தண்ணீரா, கையா, வெயிலா, விளக்குப் புகையா? அது தெரிந்துவிட்டால் மரமும் பூச்சும் பாதி தானாகவே முடிவாகிவிடும்.

எதெல்லாம் மர வேலை?

புடவைக்குக் கரை எப்படியோ, அறைக்கு இந்தப் பட்டைகள் அப்படி. தரையும் சுவரும் சேரும் இடத்தில் ஓடுவது ஸ்கர்ட்டிங். சுவரும் கூரையும் சேரும் இடத்தில் ஓடுவது கார்னிஸ். கதவுச் சட்டத்தைச் சுற்றி ஒட்டுகிற பட்டை, சட்டத்துக்கும் சிமெண்டுக் காரைக்கும் இடையிலுள்ள கோணல்மாணலை மறைக்கும். இவை எல்லாமே அடிப்படையில் மூட்டை மறைக்க வந்தவை, அழகு அப்புறம்தான்.

ஸ்கர்ட்டிங்குக்கு இன்னொரு வேலையும் உண்டு. லேமினேட் தரைப் பலகை போட்டால் சுவரோரம் 8 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். பலகை ஈரத்தில் விரியும்போது அதற்கு இடம் வேண்டும். அந்த இடைவெளியின் மேல் உட்காருவது ஸ்கர்ட்டிங். அதனால் ஸ்கர்ட்டிங்கைச் சுவரில்தான் அடிக்க வேண்டும், தரையில் அடிக்கக் கூடாது. தரையோடு சேர்த்துப் பசை போட்டுவிட்டால், ஒரு மழைக்காலத்தில் நடுக்கூடத்தில் பலகை எழும்பி நிற்கும்.

கதவுப் பட்டையின் கனம் ஸ்கர்ட்டிங்கின் கனத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். அப்போதுதான் ஸ்கர்ட்டிங் ஓடி வந்து பட்டையில் முட்டி நேர்த்தியாக முடியும். இல்லாவிட்டால் அதன் முனை வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், மாப்புத் துணி அதில் மாட்டிக்கொண்டே இருக்கும்.

நம்ம ஊர் ஈரம்

மரம் செத்த பிறகும் மூச்சு விடும் என்று பழைய தச்சர்கள் சொல்வார்கள். காற்றில் ஈரம் கூடினால் மரம் அதை உறிஞ்சி உப்பும், குறைந்தால் சுருங்கும். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கும் நம் ஊரில், திறந்த ஜன்னலோரம் உள்ள மரத்தில் அதன் எடையில் ஏறக்குறைய 16 சதவீதம் நீர் இருக்கும். ஏர்கான் ஓடி ஈரப்பதம் 60க்கு இறங்கிய அறையில் அதே மரம் 11 சதவீதத்துக்கு வந்து நிற்கும்.

இந்த ஐந்து சதவீதம் என்ன செய்யும்? நீளவாக்கில் ஒன்றும் செய்யாது. மரம் நீளத்தில் அசைவது கண்ணுக்கே தெரியாது. அகலவாக்கில்தான் விளையாட்டு. எட்டு அங்குல அகலப் பலகை இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கலாம். படுக்கையறைக் கதவு மழைக்காலத்தில் இறுகுவதும், ஏர்கான் அறையின் கப்போர்டில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே கோடு விழுவதும் இதனால்தான். பூச்சு இந்த உறிஞ்சலைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. முழுக்க நிறுத்தாது. ஆகவே மரத்தை இறக்கிய அன்றே அடிக்காமல், ஒரு வாரமாவது அந்த அறையிலேயே கட்டைகளின் மேல் அடுக்கி வையுங்கள். அவசரப்படும் கான்ட்ராக்டருக்கு இது பிடிக்காது. பரவாயில்லை.

இதில் பலரும் மறக்கும் ஒன்று உண்டு. பலகையின் முகத்துக்கு மட்டும் மூன்று கோட் பூச்சு அடித்து, முதுகையும் அடிவிளிம்பையும் பச்சையாக விட்டால், முதுகு வழியே ஈரம் ஏறி அது வளைந்துகொள்ளும். சுவரில் ஏற்றும் முன்பே முதுகுக்கும் விளிம்புக்கும் ஒரு கோட் கொடுத்துவிட வேண்டும்.

அடியில் இருக்கும் சரக்கு

கனமரம் வேண்டுமென்றால் இங்கே செங்கால், மெர்பாவ், மெராந்தி, ஞாத்தோ, தேக்கு என்று பேச்சு ஓடும். வைரம் பாய்ந்த மரம் என்றால் செங்கால்தான். கரையானே யோசித்துத்தான் கிட்டே வரும். ஆனால் விலை அதிகம், கனம் அதிகம்; உள்ளறை ஸ்கர்ட்டிங்குக்கு அதைப் போடுவது யானையை விட்டு எலி பிடிப்பது மாதிரி. மெர்பாவ் அழகான செம்பழுப்பு. பூச்சு இல்லாமல் நனைந்தால் பழுப்புச் சாயம் கக்கும். பக்கத்தில் வெள்ளை டைல்ஸ் இருந்தால் தொலைந்தது. ஈரத்தில் சாதாரண இரும்பு ஆணி பட்டாலும் அந்த இடம் கறுத்துப்போகும். கடலோரக் கொண்டோக்களில் எந்த மரத்துக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகுதான் என் பழக்கம்.

மெராந்தி லேசானது, இழைக்கச் சுலபம், பட்டைகளுக்கு நல்ல மரம். கரையானுக்கும் நல்ல மரம், அதுதான் சிக்கல்.

பிறகு நம்ம பால்மரம். இருபத்தைந்து, முப்பது வருடம் பால் கொடுத்து ஓய்ந்த ரப்பர் மரத்தை வெட்டித்தான் இன்று பாதி நாற்காலி மேசைகள் வருகின்றன. ஒரு காலத்தில் விறகாகப் போனது. என் தாத்தா விடியற்காலையில் தோட்டத்தில் சீவிய மரம், இன்று என் பட்டறையில் மாடிப்படிப் பலகையாகப் படுத்திருக்கிறது. ஒவ்வொரு தடவை இழைக்கும்போதும் அந்த ஞாபகம் வரும். வெளிர் நிறம் என்பதால் எந்தச் சாயத்தையும் நன்றாக வாங்கும். ஆனால் பூஞ்சையும் வண்டும் சீக்கிரம் பிடித்து உளுத்துப் போகும் மரம் அது. மருந்தேற்றி, சூளையில் காயவைத்ததா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

எம்.டி.எஃப். என்பது மர நாரைப் பசையோடு அழுத்திய பலகை. வழவழவென்று இருக்கும், ரேகை கிடையாது, பெயிண்ட் அடிக்க அதைப்போல வராது. தண்ணீர்தான் எமன். என் சொந்த வீட்டிலேயே குளியலறை வாசலோரம் எம்.டி.எஃப். ஸ்கர்ட்டிங் போட்டேன், ஆறே மாதத்தில் அடிவிளிம்பு பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்த மாதிரி ஊதிப்போனது. ஊதியது திரும்பாது, தேய்த்துச் சரிசெய்யவும் முடியாது. பசையில் ஃபார்மால்டிஹைடு என்ற வாயு இருக்கும். பலகையில் ஈ1, ஈ0 என்று தரக் குறியீடு பார்த்தால் ஈ0 குறைவாக வெளியிடும் வகை. குழந்தைகள் அறைக் கப்போர்டுக்கு இதைக் கேட்டு வாங்குங்கள்.

பிளைவுட் ஈரத்தை எம்.டி.எஃப்.பைவிடத் தாங்கும். அதன் மேல் ஒட்டுவது வெனியர் என்றால் நிஜ மரத்தையே அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சீவிய தோல். கீறல் விழுந்தால் ஒரு தடவைக்கு மேல் தேய்க்க முடியாது. லேமினேட் என்றால் மரப்படம் அச்சிட்ட காகிதத்தைப் பிசினில் தோய்த்து இறுக்கிய தகடு; சமையலறைக்கு இதை மிஞ்ச ஆளில்லை, ஆனால் விளிம்புப் பட்டை பிய்ந்தால் ஈரம் உள்ளே போய்விடும். பி.வி.சி. பட்டையைக் கரையான் தின்னாது. அதன் பின்னால் ஒளிந்து கதவுச் சட்டம் வரை போகும், அது வேறு கதை. தரைவீடுகளில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கர்ட்டிங்கை விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள். பொத்தென்று வெற்றுச் சத்தம் கேட்டால் ஆள் கூப்பிடுங்கள்.

பூச்சுகள்

கடையில் போய் "ஷெலாக் கொடுங்கள்" என்றால் ஏதோ ஒரு டின்னை எடுத்து வைப்பார்கள். மலாயில் சியேலெக் என்பது வார்னிஷ் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் ஆகிவிட்டது. நிஜ ஷெலாக் என்பது நம்முடைய அரக்கு. மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசின். பாண்டவர்களுக்குக் கட்டிய அரக்கு மாளிகை நினைவிருக்கிறதல்லவா, அதே அரக்கு. அதை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் தேய்த்துத் தேய்த்து ஏற்றினால் பழைய பியானோ மாதிரி ஒரு ஆழம் வரும். அதன் மேல் சூடான தே தாரிக் கோப்பையை வைத்தால் வெள்ளை வளையம் விழும். அலங்காரச் சாமானுக்குச் சரி, சாப்பாட்டு மேசைக்குச் சரி வராது.

பட்டறைகளில் அதிகம் ஓடுவது என்.சி. எனப்படும் நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர். சீக்கிரம் காயும், விலை குறைவு, கீறினால் அதே லேக்கரை மேலே அடித்தால் பழையதோடு கரைந்து கலந்துவிடும். அதன் குணம் எனக்குப் புரிந்தது ஒரு கதவால். தொழில் கற்ற புதிதில், ஜெலுத்தோங்கில் ஒரு வீட்டில், மழை கொட்டிக்கொண்டிருந்த மத்தியானம் ஸ்பிரே செய்தேன். பத்து நிமிடத்தில் கதவு முழுக்க நீர் விட்ட பால் மாதிரி வெளுத்துவிட்டது. லேக்கரில் கலந்திருக்கும் தின்னர் வேகமாக ஆவியாகும்போது மரத்தின் மேற்பரப்பு சட்டென்று குளிரும். காற்றிலுள்ள ஈரம், ஐஸ் தண்ணீர்க் கிளாசின் வெளியே வேர்ப்பது போல, அதன் மேல் படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்ளும். மறுநாள் வெயில் வந்த பிறகு மெதுவாகக் காயும் தின்னரை லேசாக அடித்ததும் தெளிந்தது. நம் ஊரில் மழை நேரத்தில் என்.சி. அடிக்கிறேன் என்று யாராவது சொன்னால், நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிடுங்கள்.

பி.யூ. எனப்படும் பாலியூரிதேன் இன்னும் கெட்டி. இரண்டு டின் வகையில் ஒன்றோடு ஒன்று கலந்ததும் உள்ளுக்குள் வினை ஆரம்பித்துவிடும், சில மணி நேரத்தில் கலவை உறைந்துவிடும். இறுகிய பிறகு சூடு, தண்ணீர், மஞ்சள் எதற்கும் அவ்வளவாக அசையாது. அந்த உறுதியே அதன் குறையும்: அடிபட்ட இடத்தை மட்டும் ஒட்டுப்போட முடியாது, புதுப் படலம் பழையதோடு கலக்காமல் எல்லை தெரியும். இரண்டாவது டின்னில் உள்ள ஹார்ட்னரின் ஆவி நெஞ்சுக்கு ஆகாது. அடிக்கிற நாள்களில் அந்த வீட்டில் யாரும் தூங்க வேண்டாம். நீரில் கலக்கும் பி.யூ.வுக்கு நெடி குறைவு, மஞ்சளாகாது. முதல் கோட் அடித்ததும் மரத்தின் நார் சிலிர்த்துச் சொரசொரக்கும். 320 நம்பர் உப்புத்தாளால் லேசாக ஒரு தேய்ப்பு தேய்த்துவிட்டு அடுத்த கோட்.

எண்ணெய்ப் பூச்சு மரத்தின் மேல் படலமாக நிற்காது, உள்ளே இறங்கிவிடும். தொட்டால் மரத்தையே தொடுவது மாதிரி இருக்கும். எனக்குப் பிடித்தது இதுதான், ஆனால் வருடத்துக்கு ஒருமுறையாவது மறுபடி தேய்க்கப் பொறுமை உள்ளவர்களுக்குத்தான் சொல்வேன். ஆளி விதை எண்ணெய் தேய்த்த துணியைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் எறிந்துவிடாதீர்கள். காற்றோடு கலந்து காயும்போது அது சூடாகும். கசங்கிய துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கலாம். விரித்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வையுங்கள்.

பெயிண்ட் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். வெள்ளை எண்ணெய் எனாமல் வெளிச்சம் படாத இடத்தில் மஞ்சளாகும். இரண்டு வருடம் கழித்துக் கட்டிலை நகர்த்தினால், அதன் பின்னால் ஸ்கர்ட்டிங் நெய் நிறத்தில் இருக்கும். வெள்ளை வேண்டுமென்றால் நீரில் கரையும் அக்ரிலிக். சுவரோரச் சந்துகளை அடைக்கவும் அக்ரிலிக் சீலண்ட்தான். சிலிக்கானில் பெயிண்ட் ஒட்டாது.

நம் வீட்டில் மட்டும் நடப்பவை

வடிவமைப்புக்காரர்கள் காட்டும் படங்களில் மஞ்சள் இருக்காது. நம் வீட்டு நிலைவாசலில் வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் குங்குமம் ஏறும். பூச்சில்லாத மரத்திலும், மங்கலான வெள்ளைப் பெயிண்டிலும் மஞ்சள் உள்ளே இறங்கிவிடும். மஞ்சளின் நிறம் வெயிலில் மெல்ல வெளுக்கும் என்றாலும் கொண்டோ நடைபாதையில் வெயில் எங்கே வருகிறது? சாயம் கலந்த குங்குமம் அதைவிட மோசம். வாசல் சட்டத்துக்குப் பாதி பளபளப்பில் பி.யூ.வோ நல்ல எனாமலோ இருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு அடுத்த வெள்ளிக்கிழமை புதிதாக வைக்கலாம்.

பூஜை மாடத்துக்கு இதைவிட யோசிக்க வேண்டும். விளக்குச் சுடருக்கு நேர் மேலே மரத் தட்டு வரவே கூடாது. சுடர் வைக்கும் இடத்தில் கிரானைட்டோ டைல்ஸோ, மேலேயும் பின்னாலேயும் கண்ணாடியோ கல்லோ வையுங்கள். கற்பூரக் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் செதுக்கு வேலையின் இடுக்குகளில் போய் அடைந்துகொள்ளும். மணி, மயில், தாமரை என்று நுணுக்கமாகச் செதுக்கிய கதவு வேண்டும் என்றால் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்று கூடவே தேவைப்படும். இப்போது எல்லா வீட்டிலும் ஏறும் கோடு கோடான சுவர்ப் பலகைக்கும் இதே விதி. தூசியும் பல்லி எச்சமும் கோட்டுக்குக் கோடு உட்காரும். டிவிக்குப் பின்னால் ஒரு சுவரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கட்டில் தலைமாட்டைப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் வைத்த தலை தினம் சாய்ந்து, மரத்தில் கறுத்த வட்டம் விழுந்திருக்கும். அங்கே எண்ணெய்ப் பூச்சு வேண்டாம், படலமாக நிற்கும் பூச்சு போடுங்கள். மாடிப்படிக் கைப்பிடிக்கோ, கைபட்டு மெருகேறும் எண்ணெய்ப் பூச்சு நல்லது. மேற்கு வெயில் அடிக்கும் ஜன்னலோரம் எந்த மரமும் நிறம் மாறும், திரை போடுவதைத் தவிர மாற்று இல்லை.

கடைசியாகத்தான் நிறம்

தரை முதலில் முடிவாகட்டும். அதை வைத்துக் கதவு, கதவை வைத்துக் கப்போர்டு. ஸ்கர்ட்டிங் இதில் கடைக்குட்டி. நின்ற இடத்திலிருந்து பார்த்தால் இரண்டு மரநிறத்துக்கு மேல் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வது என் வழக்கம். தேக்கு நிறத் தரை, வால்நட் கதவு, ஓக் கேபினெட் என்று மூன்றும் சேர்ந்தால் கூடம் பர்னிச்சர் கடை மாதிரி ஆகிவிடும். கூரை தாழ்ந்த கொண்டோவில் ஸ்கர்ட்டிங்கைச் சுவர் நிறத்திலேயே அடித்தால் சுவர் உயரமாகத் தெரியும். பளபளப்பு கூடக்கூடத் துடைப்பது சுலபம், ஆனால் இழைப்பில் உள்ள ஒவ்வொரு மேடுபள்ளமும் பல்லைக் காட்டும். மங்கல் பூச்சு குறைகளை மறைக்கும், கை அழுக்கை மறைக்காது. நான் பெரும்பாலும் நடுவில் உள்ள சாட்டினில் நின்றுவிடுவேன்.

கடை அட்டையில் உள்ள ஒரு சதுரத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். அதே மரத்தில், அதே பூச்சு அடித்த ஒரு அடிப் பலகையைக் கான்ட்ராக்டரிடம் கேளுங்கள். மரத்துக்கு மரம் சாயம் வேறு மாதிரி ஏறும். பலகை கிடைத்ததும் ஸ்கர்ட்டிங் வரும் இடத்தில் நிமிர்த்தி வைத்துக் காலையிலும் இரவு விளக்கிலும் பாருங்கள். அப்புறம் ஒரு மூலையில் மஞ்சள், ஒரு மூலையில் தேங்காய் எண்ணெய், நடுவில் ஈரத் துணி. இரவு முழுக்க விட்டுவிடுங்கள்.

வேலை தொடங்கும் முன் இரண்டு விஷயம். மேம்பாட்டாளரிடம் நேரடியாக வாங்கிய வீடு என்றால், சாவி ஒப்படைத்ததிலிருந்து 24 மாதங்களுக்குள் தெரியும் கட்டுமானக் குறைகளை அவர்கள் சரிசெய்துதர வேண்டும். சுவரில் கசிவு இருக்கிறதா என்று பார்க்காமல் அதன் மேல் மரப்பலகை ஏற்றினால், கசிவும் தெரியாது, குறை கேட்கவும் வாயிருக்காது. ஒரு நல்ல மழையையாவது பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். அடுத்தது கொண்டோ வாசற்கதவு. அது பெரும்பாலும் தீத்தடுப்புக் கதவு. அழகுக்காக அதைக் கழற்றுவதோ, துளைத்துப் பலகை அடிப்பதோ நிர்வாகத்தைக் கேட்காமல் செய்கிற காரியமில்லை.

கான்ட்ராக்டரின் விலைப்பட்டியலில் "ஸ்கர்ட்டிங், வார்னிஷ்" என்று இரண்டே வார்த்தை இருந்தால் திருப்பிக் கொடுங்கள். என்ன மரம், என்ன பூச்சு, எத்தனை கோட், முதுகுக்கும் விளிம்புக்கும் உண்டா என்பது எழுத்தில் வரட்டும்.

சித்தி மகள் மூன்று மாதிரிப் பலகைகளை வாங்கினாள். மறுநாள் காலையில் ஒரு படம் வந்தது. பன்னிரண்டாவது படம், இந்தத் தடவை அவளுடைய சொந்த வீடு. குளியலறை வாசலில் வரிசையாக மூன்று பலகை, மூன்றிலும் சித்தி வைத்த மஞ்சள் பொட்டு. மூன்றாவதில் பொட்டு துடைத்த அடையாளமே இல்லை. அது சுவர் நிறத்தில் அடித்த பி.வி.சி. பட்டை. வெள்ளையும் இல்லை, மரக் கலரும் இல்லை.